ஆட்டுப்பட்டிக்கு வேலி மட்டும் போதாது: கொங்கு மண்டலத்துக்கு ஏற்ற பட்டி நாய் வளர்ப்பு

காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம், ஊத்துக்குளி, சென்னிமலை சுற்றுவட்டாரத்தில் ஆடு வளர்ப்பவர்களுக்குக் கடந்த சில ஆண்டுகளாக நிம்மதியான தூக்கம் இல்லை. இரவிலும் விடியற்காலையிலும் கூட்டமாக வரும் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் குதறிவிட்டுப் போகின்றன. இறந்த ஆடுகளைச் சாலையில் போட்டு விவசாயிகள் மறியல் செய்யும் அளவுக்கு இந்தப் பிரச்னை முற்றியிருக்கிறது.

பசிக்காக வரும் நாய் ஒரு ஆட்டோடு நிற்பதில்லை. அடைபட்ட இடத்தில் ஆடுகள் மிரண்டு ஓட ஓட, நாய்க்குத் துரத்தும் வெறி கூடும். ஒன்றைத் தின்ன வந்த கூட்டம் பத்தைக் கடித்துப் போடுவது இதனால்தான். ஒரு ஆட்டின் விலை 8,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பத்து ஆடு போனால் ஒரே இரவில் 80,000 ரூபாய் நஷ்டம். தப்பிய ஆடுகளிலும் சினை ஆடுகள் குட்டி வீசிவிடும். மற்றவை பல நாள் சரியாக மேயாமல் எடை குறையும்.

இதற்குத் தீர்வாகப் பலரும் கம்பி வேலி, சோலார் விளக்கு, கேமரா என்று யோசிக்கிறார்கள். இவையெல்லாம் தேவைதான். ஆனால் நம் முன்னோர் பட்டியில் இருந்து, இப்போது காணாமல் போன ஒன்றும் உண்டு. அதுதான் ஆடுகளோடு ஆடாக வளர்ந்த பட்டி நாய். அதை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படி வளர்ப்பது, அதனால் எது முடியும், எது முடியாது என்பதை இங்கே பார்ப்போம்.

கொரங்காட்டில் என்ன மாறியது?

காங்கேயம், தாராபுரம், மூலனூர், கரூர் பகுதிகளில் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்கள் உண்டு. மழை குறைந்த மானாவாரி பூமியில் கொழுக்கட்டைப் புல்லும் நரிப்பயறும் முளைக்கும். நிழலுக்கும் காய்க்கும் வெள்வேல மரம் இருக்கும். சுற்றிலும் கிளுவை முள்வேலி. காங்கேயம் மாடும், மயிலம்பாடி எனப்படும் மேச்சேரி செம்மறியும் இந்த நிலத்தை நம்பி வளர்ந்தவை.

வேலி இருப்பதால் கொரங்காட்டில் பகல் முழுவதும் ஆள் கூடவே நிற்க வேண்டியதில்லை. காலையில் பனி உலர்ந்ததும் பட்டியைத் திறந்துவிட்டு, மதியம் தண்ணீர் காட்டி, பொழுது சாயும்போது எண்ணி அடைத்தால் போதும். கோடையில் தொரட்டியால் வெள்வேலங்காயை உலுக்கிப் போடுவார்கள். இந்த வசதிதான் இந்த முறையின் பலம்.

ஆனால் அந்தக் காலத்தில் இரவில் பட்டிக்குப் பக்கத்தில் சாளையில் ஆள் படுத்திருப்பார். பட்டியைச் சுற்றி ஒன்றிரண்டு நாய்களும் இருக்கும். இப்போது பலரும் ஊருக்குள் வீடு கட்டிக் குடிவந்துவிட்டார்கள். பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் வேலைக்குப் போகிறார்கள். ஆட்டை அடைத்துவிட்டு வண்டியில் வீட்டுக்கு வந்துவிட்டால், மறுநாள் காலை வரை பட்டியில் யாரும் இல்லை. கிளுவை வேலியும் பல இடங்களில் பராமரிப்பு இல்லாமல் அடியில் சந்து விழுந்து கிடக்கிறது. மாடு போகாத சந்தில் நாய் சுலபமாக நுழைந்துவிடும்.

கிடை போடுபவர்களின் நிலை வேறு. அறுவடை முடிந்த வயல்களில் இரவு ஆட்டை அடைத்து, எருவுக்குக் கூலி வாங்கும் தொழில் அது. "ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்" என்பார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் மாறும் கிடைக்குப் படலும் வலையும்தான் சுவர். அதனால் அவர்கள் நாயை விடவில்லை. மந்தையோடு நாயும் நடக்கிறது, கிடைக்குப் பக்கத்தில் ஆளும் படுக்கிறார். ஓரிடத்தில் பட்டி வைத்திருப்பவர்கள் இவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய உண்டு.

ஓட்டும் நாய் வேறு, காக்கும் நாய் வேறு

ஆட்டு நாய் என்றதும் பலருக்கும் யூடியூபில் பார்த்த பார்டர் கோலி ஞாபகம் வரும். விசில் சத்தத்துக்கு ஏற்ப ஓடி, மலைச்சரிவில் சிதறிக் கிடக்கும் நூற்றுக்கணக்கான ஆடுகளை ஒன்று சேர்க்கும் நாய் அது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மலைப்பகுதிகளில் இந்த வேலைக்காகவே வளர்த்தார்கள். வேல்ஸில் பாலா என்ற ஊரில் 1873-லேயே ஆட்டு நாய்களுக்குப் போட்டி நடத்தியிருக்கிறார்கள்.

அந்த நாய் நமக்குத் தேவையில்லை. நம் ஆடுகள் மேய்ப்பவரின் குரலுக்குப் பின்னால் வரும் பழக்கம் உள்ளவை. ஒரு சீழ்க்கையிலும் ஒரு அதட்டலிலும் மந்தை திரும்பிவிடும். ஓட்டும் வேலையை நம் மேய்ப்பவரே செய்துவிடுகிறார். நமக்கு ஆள் தேவைப்படுவது ராத்திரிக் காவலுக்கு.

காவல் நாய் ஆட்டைத் துரத்தக் கூடாது. அதட்டி மிரட்டவும் கூடாது. ஆடுகளுக்கு நடுவே படுத்துக் கிடந்து, வெளியில் இருந்து எது வந்தாலும் எழுந்து குரைத்து முன்னே போய் நிற்க வேண்டும். துருக்கியில் காங்கல், இத்தாலியில் மாரெம்மா, இமாச்சலில் கத்தி மேய்ப்பர்களின் கத்தி நாய் எல்லாம் இந்த வகை. அமெரிக்காவில் 1970-களின் இறுதியில் ரேமண்ட் காப்பிங்கர் என்ற ஆய்வாளர் இத்தகைய நாய்களைப் பண்ணைகளுக்குக் கொடுத்து ஆராய்ந்தார். நல்ல காவல் நாய்க்கு மூன்று குணம் வேண்டும் என்றார். ஆட்டுக்குத் தீங்கு செய்யாமல் இருக்க வேண்டும், ஆட்டை விட்டுப் பிரியாமல் இருக்க வேண்டும், ஆபத்து வந்தால் எதிர்க்க வேண்டும்.

இந்தக் குணங்களுக்கு இரத்தம் எவ்வளவு முக்கியமோ, வளர்ப்பும் அவ்வளவு முக்கியம். குட்டியாக இருக்கும்போது எதனோடு வளர்கிறதோ, அதையே நாய் தன் கூட்டமாக நினைக்கும். ஆஸ்திரேலியாவில் வார்னம்பூல் அருகே உள்ள மிடில் ஐலண்டில் நரிகள் சின்னப் பென்குவின்களை அழித்துவந்தன. 2006-ல் அங்கே மாரெம்மா நாய்களைப் பழக்கி விட்டார்கள். ஆட்டைக் காத்த இனம் அங்கே பறவையைக் காத்தது. நம் ஊரில் தோட்டத்து வாசலில் சங்கிலியில் வளர்ந்த நாயைப் பெரிதான பிறகு பட்டியில் கட்டினால் பலன் தராததும் இதனால்தான். அது வீட்டு மனிதர்களைக் கூட்டமாக நினைக்கிறது, ஆடு அதற்கு அந்நியம்.

எந்த நாய் பொருந்தும்?

நாட்டு நாய் வாங்க வேண்டும் என்றதும் பலர் சிப்பிப்பாறை, கன்னி இனங்களைத் தேடுகிறார்கள். இவை முயல் வேட்டைக்குப் பழகிய ஓட்ட நாய்கள். ஓடுவதைக் கண்டால் துரத்துவது இவற்றின் பிறவிக் குணம். மிரண்டு ஓடும் குட்டியாடும் அதன் கண்ணுக்கு ஓடும் இரைதான். வெகு சிறு வயதிலிருந்து ஆட்டோடு வளர்த்தாலொழிய பட்டிக்கு இவற்றைத் தவிர்ப்பது நல்லது.

ராஜபாளையம், கோம்பை இரண்டும் காவலுக்குப் பேர் பெற்றவை. தைரியம் அதிகம். ஆனால் இவற்றையும் குட்டியிலேயே பட்டியில் விட்டுப் பழக்க வேண்டும். வெள்ளை ராஜபாளையம் குட்டிகளில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. இரவுக் காவலுக்குக் காதுதான் முதல் ஆயுதம். வாங்கும்போது குட்டியின் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள்.

கையில் காசு குறைவாக இருப்பவர்கள் இனத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கிடைக்காரர்களிடம் இருக்கும் சாதாரண நாட்டு நாயின் குட்டியே பட்டிக்கு மிகப் பொருத்தம். நம் வெயிலையும் நம் தீனியையும் தாங்கும். தாயே ஆட்டோடு கிடக்கும் நாய் என்பதால் குட்டியும் கண் திறந்ததிலிருந்து ஆட்டு வாசனையில் வளர்ந்திருக்கும்.

குட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது இவற்றைக் கவனியுங்கள்:

- தாய் நாய் ஆட்டுக்கு நடுவே அமைதியாக இருக்கிறதா என்று நேரில் பார்க்க வேண்டும். ஆட்டைக் கடித்த வரலாறு உள்ள தாயின் குட்டி வேண்டாம்.
- வயது 7 முதல் 8 வாரம் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் தாயைப் பிரிக்கக் கூடாது.
- எதைக் கண்டாலும் பாய்ந்து கவ்வும் குட்டியும், மூலையில் ஒடுங்கும் குட்டியும் வேண்டாம். நிதானமாக வந்து மோந்து பார்க்கும் குட்டி நல்லது.
- ஒரே ஈற்றில் இரண்டு குட்டிகளை ஒன்றாக வாங்கினால் அவை தங்களுக்குள் விளையாடிக்கொண்டு ஆட்டைக் கவனிக்காது. ஒன்றை வளர்த்துப் பழக்கிய பிறகு அடுத்ததை வாங்கலாம். மூத்த நாயைப் பார்த்து இளையது சீக்கிரம் கற்றுக்கொள்ளும்.

குட்டியைப் பட்டியில் பழக்கும் முறை

முதல் இரண்டு மாதம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். குட்டி வந்த நாளிலிருந்தே பட்டியில் இருக்க வேண்டும். வீட்டுத் திண்ணையில் வளர்த்துவிட்டுப் பிறகு கொண்டுபோகலாம் என்று நினைத்தால் காரியம் கெட்டுவிடும்.

பட்டியின் ஒரு மூலையைப் படலால் தடுத்து, அதில் சாதுவான நாலைந்து ஆடுகளோடு குட்டியை விடுங்கள். முட்டும் கிடாயும், புதிதாகக் குட்டி போட்ட தாயாடும் அதில் இருக்கக் கூடாது. முட்டுப்பட்டுப் பயந்த நாய்க்குட்டி பிறகு ஆட்டை அண்டாது. ஆடு நுழைய முடியாத, குட்டி மட்டும் நுழையும் அளவுக்கு ஒரு சின்ன மறைவு வைத்தால், மிரளும்போது அது உள்ளே போய்க்கொள்ளும். சாப்பாடும் தண்ணீரும் படுக்கையும் அங்கேயே.

குழந்தைகள் தூக்கிக் கொஞ்சி விளையாடுவதைக் குறைக்க வேண்டும். அதே நேரம் மனிதர் கை படாமலே வளர்த்தாலும் தவறு. ஊசி போடவும், காயத்துக்கு மருந்து கட்டவும், கழுத்தில் கயிறு போடவும் அது நம் கைக்கு நிற்க வேண்டும். தினமும் ஐந்து நிமிடம் தடவிக் கொடுத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வேண்டாம் என்றால் நிற்கப் பழக்கினால் போதும்.

நான்கு மாதத்துக்கு மேல் விளையாட்டுப் புத்தி வரும். ஆட்டின் காதைக் கவ்வும், வாலை இழுக்கும், துரத்திப் பார்க்கும். பலர் இந்தக் கட்டத்தில்தான் இந்த நாய் உதவாது என்று விரட்டிவிடுகிறார்கள். இது எல்லா நாய்க்கும் வரும் பருவம். பார்த்தவுடன் அதட்டி நிறுத்த வேண்டும். கண்டிக்கும் நேரம் தவறிப் பிறகு அடித்தால் எதற்கு அடி என்று அதற்குப் புரியாது. துரத்தும் பழக்கம் தொடர்ந்தால், முன்னங்காலில் தட்டுகிற மாதிரி கழுத்தில் ஒரு கட்டையைச் சில வாரம் தொங்கவிடலாம். ஓட முடியாது, நடக்க முடியும். இந்தப் பருவத்தில் இளங்குட்டிகளோடு தனியாக விடாதீர்கள்.

ஒன்றரை வயதிலிருந்து இரண்டு வயதுக்குள்தான் நாய்க்கு முழுப் பொறுப்பு வரும். அதுவரை அது காவலாளி ஆகவில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஆறு மாத நாயை நாலைந்து தெருநாய்களுக்கு எதிரில் தனியாக விட்டால் அது செத்துவிடும், இல்லாவிட்டால் அவற்றோடு சேர்ந்துவிடும்.

கருத்தடை செய்துவிடுவது நல்லது. செய்யாவிட்டால் பெட்டை நாய் பருவத்துக்கு வரும்போது ஊரில் உள்ள நாயெல்லாம் உங்கள் பட்டியைச் சுற்றி வரும். கடுவன் நாய் இரவில் பட்டியை விட்டு ஊர் சுற்றப் போய்விடும். எந்த வயதில் செய்யலாம் என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

தீனியும் தடுப்பூசியும்

வயிறு நிறையாத நாய் காவல் காக்காது. இரை தேடிப் போகும். அப்படிப் போகும் நாய்தான் அடுத்த பட்டியில் ஆடு பிடிக்கும். ராகிக்களி அல்லது அரிசி நொய்க் கஞ்சியோடு மோர், முட்டை, உப்பில்லாத கருவாடு, வெந்த இறைச்சி என்று மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். மாலையில் ஆட்டை அடைத்த பிறகு பட்டியிலேயே தீனி வைத்தால், அந்த நேரத்துக்கு நாய் தானாக அங்கே வந்து நிற்கும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் செய்யக் கூடாது. இறந்த ஆட்டின் தலை, மூளை, குடல், ஈரலைப் பச்சையாக நாய்க்குப் போடக் கூடாது. ஆட்டின் உடம்பில் நீர்க்கட்டியாக இருக்கும் நாடாப்புழு, நாயின் குடலில் பெரிதாகி முட்டை போடும். அந்த முட்டை நாயின் சாணத்தோடு புல்லில் கலந்து, மேயும் ஆட்டுக்குள் போகும். மூளையில் கட்டி வந்த ஆடு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து விழும். இதில் ஒரு வகைப் புழு மனிதருக்கும் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டி உண்டாக்கும். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் கேட்டு நாய்க்கு நாடாப்புழு மருந்து கொடுக்க வேண்டும். இறந்த ஆட்டை ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும்.

குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான தடுப்பூசியும், மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் போட வேண்டும். அதன்பின் மருத்துவர் சொல்லும் நாளில் அடுத்த ஊசி, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. தெருநாயோடு சண்டை போடுவதே பட்டி நாயின் வேலை என்பதால் வெறிநோய் ஊசியைத் தள்ளிப்போடவே கூடாது.

நாய் இருந்தாலும் அடைப்பு வேண்டும்

ஒரு நாயால் ஐந்து நாயைத் தடுக்க முடியாது. அது குரைத்துச் சத்தம் கொடுக்கும், சிறிது நேரம் எதிர்த்து நிற்கும். அதற்குள் ஆள் வர வேண்டும், ஆடும் பத்திரமான அடைப்பில் இருக்க வேண்டும். ஐம்பது ஆட்டுப் பட்டிக்குக் குறைந்தது இரண்டு வளர்ந்த நாய்கள் இருப்பது நல்லது.

- பகலில் மேயும் வேலி எப்படி இருந்தாலும், இரவில் அடைக்கும் பட்டியின் கம்பி வலை 6 அடி உயரமாவது இருக்க வேண்டும்.
- நாய் பெரும்பாலும் தாண்டுவதைவிடத் தோண்டித்தான் உள்ளே வரும். வலையின் அடிப்பகுதியை ஒரு அடி ஆழம் புதைக்கவும். முடியாவிட்டால் வெளிப்பக்கமாக இரண்டு அடி தரையில் படிய விரித்து அதன்மேல் கல் அடுக்கவும்.
- கதவின் அடியில் சந்து இருக்கக் கூடாது. பெரும்பாலான பட்டிகளில் பலவீனமான இடம் இதுதான்.
- கிளுவை வேலியில் சந்து உள்ள இடங்களில் போத்துகளை நெருக்கி நட்டு, வளரும் வரை வேல முள்ளை அடைத்து வைக்கவும்.
- இளங்குட்டிகளைக் கொடாப்பில் கவிழ்த்து அதைப் பட்டிக்கு நடுவில் வைக்கவும், ஓரத்தில் வைக்க வேண்டாம்.

மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்கு

மேட்டுப்பாளையம், சிறுமுகை, ஆனைகட்டி, சத்தியமங்கலம், பர்கூர் மலையடிவாரங்களில் நிலைமை வேறு. அங்கே வருவது சிறுத்தை. சிறுத்தைக்கு நாயே பிடித்த இரை. வெளியில் சங்கிலியில் கட்டிய நாய் அதற்குப் போட்ட இரையாகிவிடும். ஆகவே இந்தப் பகுதிகளில் நாயும் இரவில் ஆட்டோடு உள்ளே இருக்க வேண்டும். பட்டிக்கு மேலேயும் கம்பி வலைக் கூரை வேண்டும். நாயின் வேலை குரைத்து எழுப்புவது மட்டுமே.

எது தாக்கியது என்பதைக் காயத்தை வைத்து ஓரளவு அறியலாம். தெருநாய் என்றால் பல ஆடுகளுக்குத் தொடை, வயிறு, காது என்று கண்டபடி கிழிந்த காயங்கள் இருக்கும். சிறுத்தை பெரும்பாலும் ஒரே ஆட்டைக் கழுத்தில் கவ்விக் கொன்று இழுத்துப் போகும். வனவிலங்கு என்றால் வனத்துறையிடமும், தெருநாய் என்றால் கிராம நிர்வாக அலுவலர், கால்நடை மருத்துவரிடமும் இழப்பீட்டுக்கு முறையிட வேண்டும் என்பதால் இந்த வித்தியாசம் முக்கியம்.

ஆடு கடிபட்டால் உடனே செய்ய வேண்டியவை

1. இறந்த ஆடுகளை இடம் மாற்றாமல் படம் எடுங்கள். கிராம நிர்வாக அலுவலருக்கும் கால்நடை மருத்துவருக்கும் தகவல் சொல்லுங்கள். தெருநாய் கடித்து இறந்த கால்நடைகளுக்குத் தமிழக அரசு இழப்பீடு அறிவித்துள்ளது. பிரேதப் பரிசோதனைச் சான்று இல்லாமல் அதைப் பெறுவது சிரமம். தற்போதைய தொகையையும் தேவையான ஆவணங்களையும் மருத்துவமனையில் கேட்டுக்கொள்ளுங்கள்.
2. உயிரோடு இருக்கும் ஆட்டின் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். கையுறை அல்லது பாலித்தீன் பை போட்டுக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்த் தூள், மண்ணெண்ணெய் எதையும் வைக்காதீர்கள்.
3. கடித்த பிறகு போடும் வெறிநோய்த் தடுப்பூசி ஆட்டுக்கும் உண்டு. அது பல தவணை. ஒன்றிரண்டோடு நிறுத்தக் கூடாது.
4. கடிபட்ட ஆட்டை அவசரமாக அறுத்து விற்பதும், அதன் பாலைக் காய்ச்சாமல் குடிப்பதும் ஆபத்து.
5. சில வாரம் அல்லது சில மாதம் கழித்து ஆடு விடாமல் கத்தினால், எச்சில் வடித்தால், பின்னங்கால் இழுத்தால் தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று வாயில் கை விடாதீர்கள். தனியாகக் கட்டிவிட்டு மருத்துவரை அழையுங்கள்.
6. உங்களையோ மேய்ப்பவரையோ நாய் கடித்திருந்தால், கடி சிறியதாக இருந்தாலும் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே ஊசி இலவசம்.

ஊர் கூடிச் செய்ய வேண்டியது

கொங்கு மண்டலத்தில் கறிக்கோழித் தொழில் பெருகியதோடு, கோழிக் கழிவைச் சாலையோரத்திலும் குளத்திலும் பள்ளத்திலும் கொட்டும் வழக்கமும் பெருகிவிட்டது. இறைச்சிக் கழிவு எங்கே கொட்டப்படுகிறதோ அங்கே நாய்க்கூட்டம் பெருகும். கழிவு வராத நாளில் அந்தக் கூட்டம் பட்டியைத் தேடி வரும். கழிவுக் குவியல் இருக்கும்வரை எத்தனை நாயைப் பிடித்தாலும் அந்த இடத்துக்குப் புது நாய் வரும்.

ஆகவே ஆடு வளர்ப்போர் கிராம சபையில் இரண்டு கோரிக்கைகளைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும். கழிவு கொட்டும் இடங்களைக் குறிப்பிட்டுத் தடுக்கச் சொல்ல வேண்டும். 2023-ம் ஆண்டு விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகளின்படி தெருநாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய் ஊசியும் போடும் பொறுப்பு உள்ளாட்சி அமைப்புகளுடையது என்பதைச் சுட்டிக்காட்டி, அதை நடத்தச் சொல்ல வேண்டும். கோபத்தில் இறைச்சியில் விஷம் வைக்காதீர்கள். அது சட்டப்படி குற்றம். அந்த விஷத்தை முதலில் தின்பது உங்கள் பட்டி நாயாகவோ பக்கத்துத் தோட்டத்து நாயாகவோ இருக்கலாம்.

பட்டி நாய் வளர்ப்பது இரண்டு வருடப் பொறுமை. இன்று குட்டி கொண்டுவந்தால் அடுத்த வருடக் கடைசியில்தான் காவல் கிடைக்கும். அதுவரை பட்டியின் அடிவலையைச் சரிசெய்து, முடிந்த நாளெல்லாம் ஆள் படுத்துக்கொள்ளுங்கள். ஆடு வாங்கும்போது தீவனத்துக்கும் மருந்துக்கும் கணக்குப் போடுகிறோம். அந்தக் கணக்கில் ஒரு நாய்க்கும் தினம் ஒரு வேளைச் சோற்றைச் சேர்த்துவிட்டால், பத்து ஆட்டை ஒரே இரவில் இழக்கும் நிலை வராமல் பார்த்துக்கொள்ளலாம்.